வீட்டிலேயே முதல் பிறந்தநாள்: தீம் வைத்துக் கொண்டாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பிறந்தநாளை மண்டபம், பேக்கேஜ் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே சொந்தக் கையால் செய்பவர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் வரிசையாக அதே பழைய தவறுகளில்தான் போய் விழுகிறார்கள். செலவைத் திட்டமிடுங்கள், பட்டியல் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

ராத்திரி எட்டரைக்கு கேக் வெட்டுவது

மற்ற எந்தத் தவறையும் சமாளித்துவிடலாம். இதை முடியாது. அழைப்பில் மாலை 6.30 என்று போடுவார்கள். நம் ஊரில் அதற்கு அர்த்தம் 7.30. பாதிப் பேர் வந்ததும் "தாய்மாமன் வண்டியில வந்துட்டிருக்கார், அவர் வராம எப்படி?" என்று காத்திருப்பு தொடங்கும். குழந்தை அதற்குள் பத்துப் பதினைந்து கைகள் மாறியிருக்கும். 8.30க்கு மாமா சீர்த்தட்டோடு வந்து, விளக்கை அணைத்து, முப்பது பேர் ஒரே நேரத்தில் கை தட்டிப் பாட, குழந்தை வீறிட்டு அழும். பின்னணி அலங்காரம், பார்த்துப் பார்த்து வாங்கிய உடை, மணிக்கணக்கில் பேசி வைத்த போட்டோகிராபர், எல்லாப் பணமும் அழுது சிவந்த ஒரு முகத்தைப் படமெடுப்பதில் முடியும். அதன் பிறகு பெரியவர்கள் "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்பார்கள். கண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தை தூங்க வேண்டிய நேரம் அது. இத்தனை தடவை சொல்லியும் வீட்டுக்கு வீடு இதுவே நடப்பதைப் பார்த்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதுக் குழந்தைகள் பலர் இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் தூங்கிவிடுவார்கள். பகலில் எழுந்தபின் தொடர்ந்து மூன்று, நான்கு மணி நேரம்தான் தாக்குப்பிடிப்பார்கள். எழுந்த முதல் அரை மணி நேரம் மந்தமாகவே இருக்கும். ஆகவே தூங்கி எழுந்த முக்கால் மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரைதான் குழந்தை சிரிக்கும், கேக்கில் கைவைக்கும், புது முகங்களைப் பொறுத்துக்கொள்ளும். கேக் வெட்டுவது வரை எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். முந்தைய ஒரு வாரம் குழந்தை பகலில் எப்போது தூங்கி எழுகிறது என்று எழுதி வையுங்கள். 3 மணிக்கு எழும் குழந்தை என்றால் 3.30க்குச் சாப்பாடு, 4 மணிக்கு உடை, 4.10க்கு ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா அப்பாவோடு படங்கள், 4.30க்கு விருந்தினர், 5 மணிக்கு கேக். விருந்தினர் வருவதற்கு முன்பே நல்ல படங்களை எடுத்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியம். தாய்மாமனிடம் மட்டும் 4 மணி என்று சொல்லுங்கள். அவர் தாமதமானால் கேக் காத்திருக்கக் கூடாது. சீர்த்தட்டை அவர் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம், மரியாதை ஒன்றும் குறையாது. இதைக் கேக்குக்கு முன்னால் நின்று பேசி மனஸ்தாபம் ஆக்காமல், ஒரு வாரம் முன்பே போனில் அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. "குழந்தை தூங்கிடும் மாமா" என்றால் புரிந்துகொள்ளாத மாமா இல்லை.

இன்னொரு சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். மேலே சொன்ன 5 மணிக் கணக்கை வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், "ஆறு மணி ஆகட்டும்" என்பார்கள், அது எட்டரையில் போய் நிற்கும். ராகு காலம் பார்க்கும் வீடு என்றால் ஞாயிறு மாலையை விட்டுவிடுங்கள். ஞாயிறு காலை 11 மணிக்கு கேக், 12 மணிக்குச் சாப்பாடு என்று வைக்கலாம். காலையிலும் ஒரு குட்டித் தூக்கம் போடும் குழந்தைக்கு இதுவே சிறந்த நேரம். இல்லாவிட்டால் சனிக்கிழமை மாலை. அன்று ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை, எமகண்டம் 1.30 முதல் 3 வரை. மாலை முழுக்க நம் கையில்.

கேக் வெட்டும்போது குழந்தை அம்மா மடியிலோ அப்பா மடியிலோ இருக்கட்டும். இந்த வயதில் வேற்று முகம் பார்ப்பது இயல்பு. பாட்டை மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். திடீர்க் கைதட்டல், விசில், இருட்டு மூன்றும் வேண்டாம்.

மொட்டை, காதுகுத்து, பார்ட்டி எல்லாம் ஒரே நாளில்

சொந்தக்காரர்கள் ஒரே நாளில் வந்து போகட்டும் என்ற நினைப்பில் செய்வது. காது வலியோடும் பயத்தோடும் இருக்கும் குழந்தைக்கு மாலையில் தலையில் எலாஸ்டிக் தொப்பி மாட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது? நட்சத்திரப்படி வரும் பிறந்தநாளும் ஆங்கிலத் தேதியும் பெரும்பாலும் வேறு நாளில்தான் வருகின்றன. ஆயுஷ்ய ஹோமம், கோயில், மொட்டை இவற்றை ஒன்றிலும், பார்ட்டியை இன்னொன்றிலும் வையுங்கள். காதுகுத்துக்கும் பார்ட்டிக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

ஒரு தீமுக்குள் ஒன்பது தீம்

"ஜங்கிள்" என்று தொடங்கி சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பனைமரம், வானவில், கூடவே தங்க நிறத்தில் ஃபாயில் எழுத்து. படத்தில் பார்த்தால் குழந்தையைத் தேட வேண்டியிருக்கும். ஓர் உருவம், இரண்டு நிறம், ஒரு துணை நிறம். அவ்வளவுதான் தீம்.

யானையை எடுத்துக்கொள்வோம். சாம்பல், வெள்ளை, கொஞ்சம் மாம்பழ மஞ்சள். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் சுமார் 22க்கு 28 அங்குலம். ஒரு தாளை நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் மூன்று என்று மடித்து வெட்டினால் ஆறு யானைகள் வரும். மூன்று சாம்பல் தாளில் பதினெட்டு யானை; நூலில் கோத்தால் ஒரு சுவருக்கு அதுவே அதிகம். பின்னணிக்குத் தனியாகத் துணி வாங்க வேண்டாம். ஒரே நிறப் புடவை இரண்டு போதும். ஐந்தரை மீட்டர் புடவையைத் திரைக்கம்பியில் பாதியாக மடித்துத் தொங்கவிட்டு, அடியில் மிச்சமிருப்பதை உள்ளே மடித்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஏழடிக்கும் மேல் அகலம் வரும். வாடகை வீட்டுச் சுவரில் டபுள் டேப் ஒட்டி, கழற்றும்போது பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து வந்து, அட்வான்ஸில் பிடித்தம் ஆகும் வேதனையும் இதனால் தப்பும்.

தெர்மகோலில் ஸ்பிரே பெயின்ட்

உருகும். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்று குழி குழியாக்கிவிடும். போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக், ஒட்டுவதற்கு ஃபெவிகால்.

எழுத்து உடைந்த பெயர்ப் பலகை

ஃப்ளெக்ஸ் கடையில் பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்தால் புள்ளி விழும், கொம்பு இடம் மாறும். குழந்தையின் பெயரே தப்பாகத் தொங்கும். நீங்களே ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

பலூனை முழுசாக ஊதுவது

10 அங்குலப் பலூனை 10 அங்குலத்துக்கு ஊதினால் கழுத்துப் பக்கம் புடைத்து பேரிக்காய் வடிவமாகும், தொட்டால் வெடிக்கும். எட்டு அங்குலம் போதும், உருண்டையாக நிற்கும். ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் எட்டு அங்குல வட்டம் வெட்டி, ஊதிய பலூனை அதில் நுழைத்துப் பாருங்கள். சிக்கினால் காற்றைக் கொஞ்சம் விடுங்கள். ஆறடி வளைவுக்கு 10 அங்குலப் பலூன் 50, இடைவெளி மறைக்க 5 அங்குலம் 25, உடைவதற்கு மேலே ஒரு பத்துப் பதினைந்து. இரண்டிரண்டாக முடிந்து, இரண்டு ஜோடியைக் குறுக்கே முறுக்கினால் நான்கு பலூன் கொத்து. கொத்துகளை மீன்பிடி நரம்பில் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

முதல் நாள் இரவே ஊதி வைக்கலாம். ஆனால் ஏசி அறையில் ஊதி மறுநாள் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து படபடவென்று வெடிக்கும். வெயில் பட்ட பலூன் பளபளப்பு போய் மங்கிவிடும். சீலிங் ஃபேனுக்குக் கீழே வளைவு கட்டவே கூடாது.

வெடித்த துண்டு ஒவ்வொன்றையும் அந்த நொடியே பொறுக்குங்கள். மெல்லிய ரப்பர் தொண்டையில் போய் மூச்சுக்குழாயை மூடினால் எடுப்பது மிகக் கடினம். குழந்தையின் கையில் பலூனைக் கொடுத்துப் படம் எடுப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். தெருவில் விற்கும் கேஸ் பலூனில் இருப்பது ஹைட்ரஜனாக இருக்கலாம். மெழுகுவர்த்தி இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது.

ஸ்நோ ஸ்பிரே

வாங்காதீர்கள். அதில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும், எதிரே மெழுகுவர்த்தி எரிகிறது.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே கேக்

க்ரீம் கேக்கை வெளியே வைத்தால் நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரத்தில் சரியத் தொடங்கும். ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பசையில் செய்த பொம்மை வைத்த கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்து நிறம் வழியும். கருநீலம், கறுப்பு, அடர் சிவப்பு க்ரீம் குழந்தையின் வாய், கை, உடை எல்லாவற்றிலும் ஏறி, படத்திலும் தெரியும். பெரியவர்களுக்கு எந்தக் கேக்கையும் வாங்குங்கள். குழந்தை கைவைத்துக் குழப்பித் தின்ன ஒரு சின்னக் கேக் தனியாக வேண்டும்.

கேழ்வரகு மாவு அரை கப், கோதுமை மாவு அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன் சேர்த்துச் சலியுங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு, ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழ விழுது கால் கப், தயிர் கால் கப், எண்ணெய் கால் கப், பால் கால் கப் ஆகியவற்றை மசித்துக் கலந்து, மாவைச் சேர்த்து அதிகம் அடிக்காமல் கிளறுங்கள். ஆறு அங்குல டின்னில், 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். மேலே பூச, அரை லிட்டர் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வடியவிடுங்கள். மாம்பழ விழுது இரண்டு ஸ்பூன் கலந்தால் மஞ்சள் நிறம் கிடைத்துவிடும். தயிர்ப் பூச்சும் வெக்கையில் இளகும் என்பதால் கேக் வெட்டப் பத்து நிமிடம் முன்புதான் பூச வேண்டும். மேலே குத்தும் காகித யானைக்கு டூத்பிக் வேண்டாம், பேப்பர் ஸ்ட்ரா வையுங்கள், குழந்தையிடம் கொடுக்கும் முன் அதையும் எடுத்துவிடுங்கள்.

முட்டை, வேர்க்கடலை, முந்திரி இவற்றைக் குழந்தை முதன்முதலாகச் சாப்பிடும் நாளாக இது இருக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறதா என்று வாரங்களுக்கு முன்பே, தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். முழுத் திராட்சை, பாப்கார்ன், முழுக் கடலை எதுவும் சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டும் மேஜையில் வேண்டாம்.

மெழுகுவர்த்தியைக் குழந்தை பிடிக்கும், ஊதாது. கை எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். விளக்கை ஊதி அணைப்பதை விரும்பாத வீடுகளில் மர "1" ஒன்றைக் கேக்கில் நட்டு, பக்கத்தில் உயரத்தில் குத்துவிளக்கு ஏற்றிவிடுகிறார்கள். பார்க்கவும் அழகு, பாதுகாப்பும் கூட.

பெரியவர்களுக்கு டிபன் போதும். ஒருவருக்கு மினி இட்லி 14, வடை 2, கேசரி ஒரு கரண்டி. முப்பது பேர் கேசரிக்கு அரை கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கால் கிலோ நெய். ரவை ஒரு கிலோ போடுபவர்கள் மறுநாளும் கேசரிதான் சாப்பிடுவார்கள்.

புது உடையை அன்றுதான் போடுவது

நெட் ஃபிராக்கும் பட்டுப் பாவாடையின் ஜரிகையும் குத்தும். உள்ளே காட்டன் லைனிங் தைத்து, முந்தைய வாரமே இரண்டு தடவை ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள்.

பட்டன் பேட்டரி

பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தி, மினுக் மினுக் விளக்குச் சரம், ரிட்டர்ன் கிஃப்ட்டில் போடும் ஒளிரும் மோதிரம், இவற்றில் பலவற்றிலும் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கும். ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டு அலங்காரத்தில் இது ஒன்றுகூட வேண்டாம். வந்தவர்கள் கொடுத்த பரிசுகளிலும் தேடிப் பாருங்கள். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மையை அன்றே எடுத்து மேலே வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

நாளைக்குப் பெருக்கிக்கலாம்

வேண்டாம். குழந்தை காலை ஆறரைக்கு எழுந்து தவழத் தொடங்கும், அப்போது வீட்டில் மற்றவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். இரவே பலூன்களைக் குத்தி ஒரு பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, குண்டூசி, டேப் துண்டு, ஜிகினா, கடலைப் பருப்பு எல்லாம் போகும்படி சோபாவுக்கு அடியிலும் சேர்த்துப் பெருக்குங்கள். குண்டூசியை எண்ணித்தான் குத்தியிருக்க வேண்டும், எண்ணித்தான் எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை குழந்தையைத் தரையில் விடாதீர்கள்.