வெயிலில் குரல் மாறிய ஃபஸ் பெடல்

நானே கட்டிய, இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிகருவி), காலையில் தடித்து நீண்டு ஒலித்துவிட்டு, பிற்பகல் வெக்கையில் திக்கித் திக்கி அறுந்தது. பேட்டரியையும் கேபிளையும் மாற்றிப் பொழுதை வீணாக்கிய பிறகே மல்டிமீட்டரை எடுத்தேன். 9 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 4.5 வோல்ட்டில் நிற்க வேண்டிய இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் (டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் ஒன்று; மற்றவை பேஸ், எமிட்டர்) 6.5 வோல்ட்டைத் தொட்டிருந்தது.

ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம், அதாவது பேஸுக்கு மின்னோட்டம் தராதபோதும் தானாகக் கசிவது, ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் தோராயமாக இரட்டிப்பாகிறது. முதல் டிரான்சிஸ்டரின் கசிவு இவ்வாறு பெருகி, அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தமும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவதால், இரண்டாவதன் வழியே செல்லும் மின்னோட்டம் சுருங்கி, கலெக்டர் பேட்டரி மின்னழுத்தத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

கலெக்டரை மீண்டும் 4.5 வோல்ட்டுக்குக் கொண்டுவர, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்த 8.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு, அங்கே 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகித் தடையை மாற்றக்கூடிய சிறு மின்தடை) ஒன்றைப் பொருத்தினேன். பற்றவைத்த சூடு முழுதும் ஆறும்வரை காத்திருந்தே அளந்தேன். விரல் பட்டாலே அளவு நகர்வதைக் கண்டபோது சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. முதல் டிரான்சிஸ்டரையும் கசிவு குறைந்த வேறொன்றாக மாற்றினேன். சாதாரண மீட்டர் கசிவையும் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தோடு (மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற அளவோடு) சேர்த்தே காட்டுவதால், முன்பு நான் அதிகப் பெருக்கம் உடையதென்று விரும்பித் தேர்ந்தெடுத்தது உண்மையில் கசிவு மிகுந்த ஒன்றாக இருந்தது. இப்போது கோடையில் டிரிம்பாட்டைச் சிறிது திருப்பினால் போதுமானதாக இருக்கிறது.