கடலோர அறிவிப்புத் தளத்துக்கு எந்த ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்?

ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் மீனவர் சங்கத்துக்கோ ஊராட்சிக்கோ தளம் செய்தால், அறிவிப்பு போடுகிறவர் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனில்தான் தட்டுவார். டூல்பாரில் எத்தனை பட்டன் என்று எண்ணாமல், எடிட்டர் லைப்ரரியின் (போல்டு, பட்டியல் எல்லாம் போட்டு எழுதும் பெட்டியைத் தரும் ஆயத்த நிரலின்) டெமோவை ஒரு சாதாரண போனில் திறந்து தமிழில் அடித்துப் பாருங்கள்.

'தொண்டி' என்று அடித்து, போல்டு ஆக்கி, நடுவில் கர்சரை வைத்து ஓர் எழுத்தைச் சேருங்கள். கர்சர் வரித் தொடக்கத்துக்குத் தாவினாலோ எழுத்து இரட்டித்தாலோ அந்த லைப்ரரி வேண்டாம். சொல் முடியும்வரை போன் கீபோர்டு கம்போசிஷன் நிலையில், அதாவது எழுத்தை இன்னும் உறுதிசெய்யாத நிலையில் இருக்கும். அதற்குள் எடிட்டர் டாமில் (பிரவுசர் வைத்திருக்கும் பக்கத்தின் உள்கட்டமைப்பில்) கைவைத்தால் எழுத்து சிதறும். விசையை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வில் பெரும்பாலும் 229 என்றுதான் வரும், எந்த விசை என்று தெரியாது. அதை நம்பி எழுதிய ஸ்லாஷ் மெனு ('/' அடித்ததும் திறப்பது) போனில் படுத்துவிடும்.

அடுத்து எழுத்து எண்ணிக்கை. 'தொண்டி' நமக்கு 3 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 6 என்கும். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக வந்திருந்தால் 7. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி நார்மலைஸ் செய்து இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிடுங்கள். எண்ணுவதற்கு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் செக்மென்டர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்கால அறிவிப்பு, புயல் எச்சரிக்கை போன்றவற்றுக்கு போல்டு, பட்டியல், லிங்க் இருந்தால் போதும், குவில் என்ற எடிட்டரை எடுக்கலாம். நண்டு, கணவாய், இறால் என்று விலை அட்டவணை போடணும் என்றால் குவிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், ப்ரோஸ்மிரர் என்ற அடித்தள லைப்ரரி மேல் கட்டிய டிப்டாப் நல்லது. டைனிஎம்சிஇ, சிகே எடிட்டர் 5 இரண்டிலும் அட்டவணை அருமை. ஆனால் உரிமம் பாருங்கள்: சிகே எடிட்டர் 5 ஜிபிஎல் (மென்பொருளைத் தந்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் திறந்த உரிமம்), டைனிஎம்சிஇயும் 2024இல் 7ஆம் பதிப்பிலிருந்து ஜிபிஎல். மூலநிரலைத் தராமல் விற்கும் மென்பொருளில் சேர்ப்பதென்றால் கட்டண உரிமம் வாங்கணும். குவில் பிஎஸ்டி, டிப்டாப்பின் மையப் பகுதி எம்ஐடி, இரண்டும் தளர்வான உரிமங்கள். அந்தத் தொல்லை இல்லை.

குவில் இயல்பாகப் படத்தை பேஸ்64 ஆக (எழுத்துத் தொடராக மாற்றி) உரைக்குள்ளேயே திணிக்கும். 3 எம்பி போட்டோ 4 எம்பி ஆகி டேட்டாபேஸில் உட்காரும். இமேஜ் ஹேண்ட்லரை மாற்றி, படத்தைத் தனியாக அப்லோட் செய்து முகவரியை மட்டும் வையுங்கள்.

எந்த எடிட்டரானாலும் வருகிற எச்டிஎம்எல்லை சர்வரில் ஆபத்தான நிரலை நீக்கிச் சுத்தம் செய்தே ஆகணும். பிரவுசரில் மட்டும் வடிகட்டினால், எடிட்டரைத் தொடாமல் நேரே சர்வரின் ஏபிஐக்கு (நிரல் வழியாகத் தரவு அனுப்பும் வாசலுக்கு) அனுப்புகிறவரைத் தடுக்க முடியாது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சுற்றறிக்கையை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதற்கு எடிட்டரைத் திட்டிப் பயனில்லை, யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.