எத்தனை கிலோவுக்கு எத்தனை குதிரை? வீட்டில் கட்டும் விமானத்துக்கு எஞ்சினும் புரொப்பெல்லரும் தேர்ந்தெடுப்பது எப்படி

சொந்தமாக விமானம் கட்ட இறங்குகிறவர்கள் முதலில் எஞ்சின் விலைப்பட்டியலைத்தான் திறக்கிறார்கள். அதை மூடி வைத்துவிட்டு ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எடையில் தொடங்குகிறது, எஞ்சின் அப்புறம்தான் வருகிறது.

படி 1: புறப்படும்போது உள்ள மொத்த எடை

வெற்று எடையை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா விமானமும் அருமையாகப் பறக்கும். நமக்கு வேண்டியது ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் ஏறிய பிறகு உள்ள எடை. ஒரு உதாரணத்தையே கடைசிவரை கொண்டுபோவோம். வெற்று விமானம் 240 கிலோ, இரண்டு பேர் 160, பெட்டி 14. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.72 கிலோ, 50 லிட்டருக்கு 36. ஆக மொத்தம் 450 கிலோ.

எஞ்சின் எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் வெறும் எஞ்சினின் எடை. ரேடியேட்டர், ஆயில், சைலன்சர், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட், பேட்டரி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

படி 2: ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ?

மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால் போதும். பழைய பைப்பர் ஜே-3 கப் 553 கிலோ, 65 குதிரைத்திறன்: 8.5 வருகிறது. செஸ்னா 150 சுமார் 726 கிலோ, 100 குதிரைத்திறன்: 7.3. நம் உதாரணத்தில் 80 குதிரைத்திறன் போட்டால் 5.6. எண் குறையக் குறைய விமானம் துடிப்பாக ஏறும். 8.5-ஐத் தாண்டினால் நீண்ட ஓடுபாதையும் பொறுமையும் தேவைப்படும். இது முதல் சல்லடை மட்டும்தான், இதை வைத்தே எஞ்சின் வாங்கிவிட வேண்டாம்.

படி 3: மிச்சமாகும் சக்தி

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இதுதான். விமானத்தை மேலே ஏற்றுவது எஞ்சினின் முழுச் சக்தி அல்ல. மட்டமாகப் பறக்கவே ஒரு பங்கு செலவாகிவிடும், அது போக மிஞ்சுவதுதான் ஏற்றுகிறது.

80 குதிரைத்திறன் என்றால் 60 கிலோவாட். ஏறும் வேகத்தில் புரொப்பெல்லரின் திறன் 65 சதவீதம் என்று வைத்தால் 39 கிலோவாட் கைக்கு வரும். 450 கிலோ என்பது 4415 நியூட்டன். விமானத்தின் தூக்குவிசை காற்றுத்தடையைப் போல 9 மடங்கு என்றால் தடை 490 நியூட்டன். மணிக்கு 100 கிமீ, அதாவது நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் அதைச் சமாளிக்க 14 கிலோவாட் போய்விடும். மிச்சம் 25 கிலோவாட். அந்த 25,000 வாட்டை 4415 நியூட்டன் எடையால் வகுத்தால் நொடிக்கு 5.7 மீட்டர் ஏற்றம். தாராளம்.

சரி, பாதி விலையில் 40 குதிரைத்திறன் எஞ்சின் கிடைக்கிறது, போடலாமா? கைக்கு வருவது 19.5 கிலோவாட், செலவு அதே 14, மிச்சம் 5.5. ஏற்றம் நொடிக்கு 1.25 மீட்டர். சக்தி பாதியானது, ஏற்றம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதில் இன்னும் 50 கிலோ கூடினால் 0.9-க்கும் கீழே. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 15 சதவீதச் சக்தியை இழக்கும். அங்கே 450 கிலோவிலேயே அரை மீட்டரை ஒட்டித்தான் தேறும்.

அதற்காக அளவுக்கு மீறிய எஞ்சினும் ஆகாது. மூக்கு கனத்தால் ஈர்ப்பு மையம் முன்னால் போய்விடும், சட்டகமும் அந்த வேகத்துக்குக் கட்டப்பட்டிருக்காது. வடிவமைத்தவர் சொன்ன சக்தி வரம்புக்குள்ளேயே நில்லுங்கள். என்னைக் கேட்டால், அந்த வரம்பின் மேல்பாதியில்.

படி 4: விட்டம்

பெரிய புரொப்பெல்லர் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும், அதனால் வீண் குறைவு. தடுப்பது இரண்டு விஷயம்: தரைக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, முனையின் வேகம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 5800 சுற்று, கியர்பாக்ஸ் விகிதம் 2.43 என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2387 சுற்று, நொடிக்கு 39.8. விட்டம் 1.7 மீட்டர் என்றால் சுற்றளவு 5.34. முனை வேகம் நொடிக்கு 212 மீட்டர். ஒலி வேகம் சுமார் 340. முனை 260-ஐ நெருங்கினால் இரைச்சல் கூடும், திறன் குறையும். ஆகவே 212 நல்ல எண். கியர்பாக்ஸ் இல்லாமல் அதே 5800-ல் சுற்றினால் 516 வரும்! வேகமாகச் சுழலும் சின்ன எஞ்சின்களில் கியர்பாக்ஸ் இருப்பது இதனால்தான்.

படி 5: பிட்ச்

ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். பயண வேகம் மணிக்கு 160 கிமீ என்றால் நொடிக்கு 44.4 மீட்டர். பயணத்தில் எஞ்சின் 5000 என்றால் புரொப்பெல்லர் நொடிக்கு 34.3 சுற்று. வகுத்தால் 1.3 மீட்டர். காற்றில் வழுக்குவதற்கு 10 முதல் 15 சதவீதம் கூட்டினால் 1.43 முதல் 1.5 வரை. தரையில் நிற்கும்போது இலைகளின் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லரில், மையத்திலிருந்து முக்கால் ஆரத் தூரத்தில் இது சுமார் 20 டிகிரி.

பிட்ச் அதிகமானால் ஓடுபாதையில் எஞ்சின் திணறும், நாலாவது கியரில் பைக்கைக் கிளப்புகிற கதைதான். 80 குதிரைத்திறன் 5800 சுற்றில்தான் கிடைக்கிறது. 4500-லேயே நின்றால் காசு கொடுத்த சக்தி முழுசாக வராது. குறைந்தாலோ ஏற்றம் நன்றாக இருக்கும், மட்டமாகப் பறக்கையில் எஞ்சின் வரம்பு மீறிச் சுழலும்.

படி 6: கட்டிப்போட்டுச் சோதனை

வாலைக் கயிற்றால் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் சூடானதும் முழு த்ராட்டில் கொடுத்துச் சுற்றைப் படியுங்கள். உச்சவரம்பில் 90 சதவீதத்தை ஒட்டி, நம் கணக்கில் 5200 பக்கம் வந்தால் பறக்கையில் மிச்சத்தை எட்டிவிடும். எஞ்சின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

சுற்று குறைவாக இருந்தால் இக்னிஷனை அணைத்துவிட்டுக் கோணத்தைக் குறையுங்கள். இத்தகைய எஞ்சினில் ஒரு டிகிரிக்குச் சுமார் 200 முதல் 300 சுற்று மாறும், அதனால் அரை அரை டிகிரியாகப் போங்கள். எல்லா இலைகளும் ஒரே கோணத்தில் இருக்கிறதா என்று கோண அளவியால் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மரப் புரொப்பெல்லர் என்றால் ஈரப்பதம் மாறும்போது மரம் சுருங்கி போல்ட் தளரும், முதல் சில மணி நேரப் பறத்தலுக்குப் பிறகும் பருவம் மாறும்போதும் திரும்பவும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.