டோகமாக்கில் தெர்மோகப்பிள்: சராசரி எடுத்தாலும் போகாத இரைச்சல்

டோகமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கலன்) போன்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவிகளுக்கு வெப்பநிலை அளக்கும் சர்க்யூட் போட வருகிற புதியவர்கள், நாங்கள் தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். வயரை முறுக்கு, ஷீல்டு போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

ஃபில்டரை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கே வகைத் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோக வயர்களை முனையில் இணைத்த வெப்பநிலை சென்சார்) ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். அதன் பக்கத்திலேயே பிளாஸ்மாவைச் சூடேற்ற, பல பத்து மெகாஹெர்ட்ஸில் மெகாவாட் கணக்கில் ஆர்எஃப் (ரேடியோ அலை) சக்தி போய்க்கொண்டிருக்கும். தெர்மோகப்பிள் மெதுவான சென்சார்தானே, வேகமான குப்பையெல்லாம் மென்பொருளில் சராசரி எடுத்தால் போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். போகாது. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் அந்த ஆர்எஃபை ரெக்டிஃபை செய்து டிசி ஆஃப்செட்டாக, அதாவது ஒரே திசையில் நிற்கும் கூடுதல் மின்னழுத்தமாக, மாற்றிவிடும். டிசி ஆகிவிட்ட பிறகு அதையும் உண்மையான வெப்பநிலையையும் எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. டேட்டாஷீட்டில் 100 டெசிபெல் என்று போட்டிருக்கும் சிஎம்ஆர்ஆர் (இரு வயரிலும் பொதுவாக வரும் இரைச்சலை ஒதுக்கும் திறன்) 50, 60 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கணக்கு, மெகாஹெர்ட்ஸில் அது கைகொடுக்காது.

ஒரு குழுவில், ஆன்டெனாவுக்கு அருகிலிருந்த கிராஃபைட் ஓடு ஒவ்வொரு ஷாட்டிலும் (பிளாஸ்மாவை ஒருமுறை இயக்குவது) சூடாகிறது என்று முடிவுகட்டி, குளிரூட்டும் அமைப்பையே மாற்றப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிராஃப் அவ்வளவு சுத்தமாக இருந்தது, அதனாலேயே நம்பிவிட்டார்கள். ஆனால் ஆர்எஃப் போட்ட கணமே ஏற்றம், நிறுத்திய கணமே இறக்கம். எந்த ஓடு அப்படிக் கணத்தில் ஆறும்? கப்பிளின் இரண்டு வயர்களையும் ஆம்ப்ளிஃபையரில் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். வெப்பநிலை சிக்னல் குறி மாறியது, ஆர்எஃப் நேரத்துத் தாவல் மட்டும் பழைய திசையிலேயே நின்றது. அதாவது தாவல் கப்பிளிலிருந்து வரவில்லை, ஆம்ப்ளிஃபையரிலேயே உருவானது. அதற்குள் எத்தனையோ ஷாட்டுகள் வீணாகிவிட்டன, அவை திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

ஆகவே கனெக்டரை ஒட்டியே, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஃபில்டரைப் போடுங்கள். ஒவ்வொரு வயரிலும் 1 கிலோஓம், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட், இரண்டுக்கும் நடுவே 10 நானோஃபாரட் என்று தொடங்கலாம். நடுவில் இருப்பது மற்றவற்றைவிடக் குறைந்தது 10 மடங்காவது இருக்கட்டும், இல்லையென்றால் இரு பக்கக் கெபாசிட்டர்களுக்கும் உள்ள சின்ன வித்தியாசமே பொது இரைச்சலை வித்தியாச சிக்னலாக்கிவிடும். சின்ன எஸ்எம்டி பாகங்களாகப் போடுங்கள், நீளக் கால் கெபாசிட்டர் இந்த அதிர்வெண்ணில் இண்டக்டர் ஆகிவிடும். ஃபெரைட்டும் சேர்க்கலாம், ஆனால் காந்தச் சுருள்களின் புலம் எட்டும் இடத்தில் அது சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) பயனற்றுப்போகும். ஐசொலேட்டட் (இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாத) டிசி-டிசி கன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதே கதிதான்.

அப்புறம், ஒரு சேனலை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். அதே பாதையில் வெறும் செம்பு வயர் ஜோடி ஒன்றை இழுத்து, கப்பிள் இருக்கும் முனையில் இரண்டையும் இணைத்துவிடுங்கள். அது “சூடானால்” அன்றைய ஆர்எஃப் நேரத்து அளவீடுகளை நம்ப வேண்டாம்.

எல்லா சேனலுக்கும் ஒரே ஐசொலேஷன்

சந்தி (இரு வயர்களும் சேரும் முனை) கலனோடு ஒட்டியிருக்கும் கப்பிள்கள் இரண்டு, பலகையில் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்தால் அங்கேயே ஒரு லூப் உருவாகிவிட்டது. டிஸ்ரப்ஷனின்போது (பிளாஸ்மா திடீரென்று குலையும்போது) கலனின் ஒவ்வொரு இடமும் வேறு வேறு மின்னழுத்தத்துக்குப் போகும், அந்த மின்னோட்டம் உங்கள் வயர் வழியாகத்தான் ஓடும். சேனலுக்கு ஒரு ஐசொலேஷன், செலவானாலும் சரி.

மிதக்கும் கப்பிள்

சந்தி எதனோடும் மின்தொடர்பில்லாமல் இருந்தால், ஆம்ப்ளிஃபையர் உள்ளீட்டின் பயாஸ் மின்னோட்டம் கிரவுண்டுக்குத் திரும்ப ஒரு மெகாஓம் வழியாவது கொடுங்கள்.

கனெக்டர் அருகே முறுக்கை அவிழ்த்துவிடுவது

வயர்களுக்கு நடுவே 1 சதுர சென்டிமீட்டர் திறப்பு, காந்தப்புலத்தில் நொடிக்கு 1 டெஸ்லா மாற்றம்: 100 மைக்ரோவோல்ட் தூண்டப்படும். கே வகையில் ஏறத்தாழ 2.5 டிகிரி.

ஷீல்டை நீள வயராக்கிக் கட்டுவது

ஆர்எஃபுக்கு அது ஷீல்டே இல்லை. கனெக்டர் உடலைச் சுற்றி முழு வட்டமாகப் பிடிக்க வேண்டும்.