பூங்கா வாட்ச்மேனுடையது அல்ல

"அங்கே போகாதே, வாட்ச்மேன் அடிப்பார்" என்ற அதட்டல், எந்தப் பூங்காவிலும் ஒரு மாலைக்குள் நாலைந்து முறையாவது காதில் விழும். இப்படி மிரட்டி வளர்க்கப்படும் குழந்தை, பூங்கா அந்தக் காவலாளியினுடையது என்றே எண்ணிக்கொள்கிறது. அவர் தேநீர் குடிக்கப் போனதும் பாத்திக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே, பூங்காவைத் தன்னுடையதாக எண்ணிப் பேணக் குழந்தையைப் பழக்க வேண்டுமானால், முதலில் கைவிட வேண்டியது இந்த மிரட்டலைத்தான்.

அதற்குப் பதில் பூங்காவைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்துங்கள். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குச் செல்பவர்கள், வீட்டிலிருக்கும் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவரின் பெயர்தான் அது என்று சொல்லலாம்.

அடுத்து, குழந்தையே தனக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் அதில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டையில் பெயர் செதுக்கிய மரம் கண்ணில் பட்டால், இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டையை ஒட்டிய உட்பகுதி வழியாகத்தான் என்பதையும், சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும் என்பதையும் விளக்குங்கள். பூப்பறிக்கும் ஆசையை முற்றிலும் தடுக்க வேண்டியதில்லை. இட்லிப்பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சாத பிள்ளைப் பருவம் நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? செடியில் இருப்பது எல்லோருக்கும், கீழே உதிர்ந்தது உனக்கு என்று வகுத்துவிட்டால், காலையில் மகிழமரத்தடியில் கிடக்கும் பூக்களே கைநிறையப் போதும்.

குப்பை விஷயத்தில் சொல்லைவிடச் செயலே எடுபடும். வேர்க்கடலை வாங்கினால் தோலைப் போட ஒரு காலிப் பொட்டலத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பு உட்கார்ந்த இடத்தைக் குழந்தையோடு சேர்ந்து ஒருமுறை பார்த்து, நம் குப்பையை மட்டுமாவது எடுத்துத் தொட்டியில் போடுங்கள். கண்ணாடிச் சில்லு கிடந்தால் குழந்தை தொட வேண்டாம், பெரியவர்கள் அகற்றட்டும். கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளரைப் பெயர் கேட்டு, 'அக்கா', 'அண்ணா' என்று அழைக்கப் பழகிய குழந்தை, அவர் கண்ணெதிரே தாளை வீசத் தயங்கும்.

ஊஞ்சலுக்கு வரிசை இருந்தால் இருபது ஆட்டம் எண்ணி இறங்கச் சொன்னால் போதும். பெரும்பாலும் காத்திருக்கும் பிள்ளைகளே சத்தமாக எண்ணிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் செய்யாதது. சறுக்குமரத்தின் தகரம் பெயர்ந்திருந்தாலோ ஊஞ்சல் சங்கிலி அறுந்திருந்தாலோ "எல்லாம் இப்படித்தான்" என்று சலித்துக்கொண்டு நகராமல், சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். பூங்காவின் பெயரையும் எது பழுது என்பதையும் அதுவே சொல்லட்டும். புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி அதன் கையில் கொடுங்கள். அடுத்த வாரம் பூங்காவுக்குள் நுழைந்ததும் அது முதலில் ஓடிப் பார்ப்பது அந்த ஊஞ்சலைத்தான்.