சரிவில் டிராக்டர் ஓட்டிப் புல் வெட்டுவது: ஏறுவதை விட இறங்குவதைக் கற்றுக்கொள்ளுங்கள்

டிராக்டர் ஓட்டத் தெரியும், பின்னால் ஸ்லாஷர் (பெரிய பிளேடுகள் படுக்கையாகச் சுழன்று புல் வெட்டும் கருவி) மாட்டத் தெரியும், சமதரையில் புல் வெட்டிப் பழக்கமும் உண்டு, ஆனால் சரிவைப் பார்த்தால் மட்டும் வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலக்குவது நல்லதுதான். எனக்குக் கலக்காமல் போனதால்தான் ஒரு நாள் காலைப் பனி காயாத புல்லில் 12 மீட்டர் சறுக்கிப் போய், அடிவாரத்தில் உழுது போட்டிருந்த மண்ணில் முன்சக்கரங்கள் புதைய நின்றேன். அந்த மண் இல்லாமல் வேலிக்கல் இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

ஸ்லாஷர் மாட்டுவது, பிளேடு தீட்டுவது, வெட்டும் உயரம் வைப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

முதலில் சரிவை அளந்துவிடுங்கள்

கண்மதிப்பு இந்த விஷயத்தில் உதவாது. கீழே நின்று பார்த்தால் சுவர் மாதிரி தெரியும். மேலே நின்று பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டமும் ஒரு ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனையிலிருந்து நேர் கீழே தரைவரை அளந்து பாருங்கள். சுமார் 18 செ.மீ. என்றால் 10 டிகிரிச் சரிவு. 26 அல்லது 27 வந்தால் 15 டிகிரி. 36-ஐத் தொட்டால் 20 டிகிரி, அங்கே டிராக்டருக்கு வேலை இல்லை. போனிலும் அளக்கலாம், ஆனால் போனைப் புல்மேல் வைக்காமல் நீளமான பலகையின் மேல் வையுங்கள். ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாமல், இருப்பதிலேயே செங்குத்தான இடத்தைத் தேடி அளக்க வேண்டும்.

டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 27 சதவீதச் சரிவு என்பது 15 டிகிரிதான். 100 சதவீதம் என்றால் 45 டிகிரி.

உட்கார்ந்து ஓட்டும் சிறிய புல்வெட்டும் டிராக்டர்களின் கையேட்டில் பெரும்பாலும் 15 டிகிரி என்ற எல்லை போட்டிருக்கும். உங்கள் டிராக்டரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு. நேராக ஏறி இறங்க 15, குறுக்கே போக வேண்டிய கட்டாயம் வந்தால் 10-க்குக் கீழே, இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட எல்லை. புல் ஈரமாக இருந்தால் சாவியையே கையில் எடுப்பதில்லை.

அப்புறம் நடந்து பாருங்கள்

இடுப்பளவு புல்லுக்குள் என்ன இருக்கிறது என்று டிராக்டர் இருக்கையிலிருந்து தெரியாது. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, வெட்டப் போகும் இடம் முழுக்கக் குத்திக்கொண்டே நடங்கள். எலி வளை, பழைய மரத்தின் அடிக்கட்டை, உருண்டு வந்த கல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, துணி கட்டிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு கணக்கு இருக்கிறது. பின்சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலமுள்ள டிராக்டர் 10 டிகிரிச் சரிவில் குறுக்கே போகிறது என்று வையுங்கள். கீழ்ப்பக்கச் சக்கரம் 15 செ.மீ. பள்ளத்தில் இறங்குகிறது, அதே நொடியில் மேல்பக்கச் சக்கரம் 15 செ.மீ. கல்லில் ஏறுகிறது. டிராக்டர் இப்போது சாய்ந்து நிற்பது 21 டிகிரி. நீங்கள் அளந்து வைத்த 10 டிகிரி எங்கோ போய்விட்டது.

சரிவின் அடியில் வாய்க்கால் இருந்தால் அதன் ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் சக்கரம் உருள வேண்டும். மிச்சத்தைக் கையில் வெட்டுங்கள்.

டிராக்டரில் பார்க்க வேண்டியவை

தலைக்கு மேல் நிற்கும் இரும்பு வளைவு, அதாவது ரோப்ஸ், இல்லாத டிராக்டரைச் சரிவில் ஏற்றவே வேண்டாம். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வளைவு இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். இல்லாவிட்டால் கவிழும்போது நீங்கள் வெளியே எறியப்பட்டு அந்த வளைவுக்கே அடியில் போவீர்கள். குதித்துத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்வதற்கு ஒன்றரை வினாடி போதும். அதில் பாதி கழிந்த பிறகு கிளட்சை மிதித்தும் பிரயோஜனம் இல்லை.

நான்கு சக்கரம் இருப்பதால் டிராக்டர் மேசை மாதிரி நிற்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் மாட்டி இரண்டு பக்கமும் ஆடுகிறது. ஆகவே டிராக்டர் உண்மையில் முக்காலி: இரண்டு பின்சக்கரங்கள், முன்னால் அந்தப் பின். பின்சக்கரங்களை எவ்வளவு அகட்டி வைக்க முடியுமோ அவ்வளவு அகட்டுங்கள். பல டிராக்டர்களில் சக்கரத்தைக் கழற்றி இடது வலது மாற்றிப் போட்டாலே அகலம் கூடும், டயர் பட்டையின் திசையும் சரியாக வரும். பின்டயரில் தண்ணீர் ஏற்றுவதும் நல்லது. எடை தாழ்வாக இருக்கும். முன்னால் எடைக்கட்டிகளை மாட்டுங்கள். வழுவழுப்பான புல்தரை டயரை விட ஆழமான பட்டை உள்ள வயல் டயர்தான் சரிவுக்கு ஏற்றது. புல்தரையில் தடம் விழும், விழட்டும்.

ஸ்லாஷரா, உருளையில் தொங்கும் சின்னச் சின்ன பிளேடுகளால் வெட்டும் ஃபிளெய்ல் மோவரா என்று கேட்டால், சரிவுக்கு ஃபிளெய்ல்தான் என் கட்சி. டிராக்டரை ஒட்டியே நிற்கும், பின்னால் நீட்டிக்கொண்டு முன்பக்கத்தைத் தூக்காது. கல்லையும் அவ்வளவு தூரம் எறியாது. ஸ்லாஷர் எறிந்த கல் 90 மீட்டர் தாண்டியும் போகும். எதை மாட்டினாலும் அடிவாரத்தில் ஆள், மாடு, வண்டி எதுவும் இருக்கக் கூடாது.

கடைசியாக, இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டும் கொக்கி. வயலில் திரும்புவதற்காக அதை எடுத்துவிட்டுப் பிறகு மறந்துவிடுவோம். சரிவில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் டிராக்டர் அப்படியே குறுக்கே திரும்பிவிடும்.

ஏறுவது

பின்னோக்கி ஏறுங்கள். பிளேடு சுற்றாமல், ஸ்லாஷரைத் தரையை விட்டுச் சற்றே தூக்கிக்கொண்டு, ரிவர்சில் மெதுவாக நேர் மேலே. கனமான பின்பக்கம் மேட்டைப் பார்த்து இருப்பதால் முன்சக்கரம் தூக்கும் பயம் இல்லை, சரிவில் திரும்ப வேண்டிய வேலையும் இல்லை. உச்சியில் நின்று பிடிஓவை, அதாவது எஞ்சின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டைப் போட்டு, வெட்டிக்கொண்டே இறங்குங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும். எனக்குத் தெரிந்த பலர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

இறங்குவது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் டிராக்டர் ஃபோர் வீல் டிரைவ். இழுவைக்குத்தானே அது, இறங்கும்போது எதற்கு என்று மேட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுவேன். அன்றும் எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதி வழியில் ரொம்ப மெதுவாகப் போகிறதே என்று தோன்றவே, கிளட்சை மிதித்து ஒரு கியர் கூட்டப் பார்த்தேன். மிதித்த நொடியிலேயே எஞ்சினின் பிடி விட்டுப்போய் டிராக்டர் தன்னிஷ்டத்துக்கு உருளத் தொடங்கியது. கியரும் விழவில்லை. பயத்தில் பிரேக்கை முழுசாக அழுத்தினேன். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நின்றன, டிராக்டர் நிற்கவில்லை. ஈரப் புல்லில் பனிச்சறுக்கு வண்டி மாதிரி போனது.

ஏன் என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. சமதரையில் எடையின் பெரும்பகுதி அந்தச் சக்கரங்களில் இருப்பதால் குறை தெரிவதில்லை. மூக்கைக் கீழே வைத்து இறங்கும்போதோ எடை முன்னால் சரிகிறது. பிரேக் உள்ள சக்கரத்தில் பாரம் குறைகிறது, பாரம் உள்ள சக்கரத்தில் பிரேக் இல்லை. ஃபோர் வீலைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் கியர்பாக்ஸ் வழியாகக் கோத்துக்கொள்ளும். எஞ்சின் பிடியும் பிரேக்கும் நான்குக்கும் போய்ச் சேரும். இறங்கும்போதுதான் அது அவசியமே.

அதனால் இப்போது உச்சியில், சமதரையில் நின்றே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். ஃபோர் வீல் போட்டாயிற்றா, லோ ரேஞ்சில் முதல் அல்லது இரண்டாம் கியர் விழுந்தாயிற்றா, பிரேக் கொக்கி, பெல்ட். எந்த கியரில் ஏற முடியுமோ அதற்கும் ஒரு படி கீழே வைத்துத்தான் இறங்குவது. இறங்கத் தொடங்கியபின் இடது காலைக் கிளட்ச் பக்கமே கொண்டுபோவதில்லை, கால் பலகையில் ஊன்றிவிடுவேன். வேகம் பிடிக்கவில்லையா, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். டூ வீல் டிராக்டர் வைத்திருப்பவர்கள் நான் மேலே சொன்ன எல்லையை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் சறுக்கினால்? மனசு பிரேக்கை மிதிக்கச் சொல்லும். காலை எடுத்துவிடுங்கள். பூட்டிய சக்கரத்துக்கு ஸ்டியரிங்கும் கேட்காது, பிடிப்பும் கிடைக்காது. சக்கரம் உருண்டால்தான் இரண்டும் வரும். ஸ்டியரிங்கை நேர் கீழ்நோக்கிப் பிடித்து, ஹைட்ராலிக் லிவரை இறக்கி ஸ்லாஷரைத் தரையில் உரச விடுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் சக்கரம் தரையின் வேகத்தைப் பிடித்துவிடும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஒரு சின்ன, அடிவாரம் அகலமான சரிவில் ஸ்லாஷர் இல்லாமல் இரண்டு மூன்று முறை இறங்கிப் பழகிக்கொண்டால் கால் தானாகக் கேட்கும்.

குறுக்கே போக வேண்டி வந்தால் திரும்புவது எப்போதும் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், மெதுவாக. வேகம் இரண்டு மடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டு

மடக்கும் வளைவு உள்ள டிராக்டரில், மரக்கிளை தட்டுகிறதே என்று வளைவை மடித்துவிட்டு பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. வளைவு மடங்கியிருக்கும்போது பெல்ட் உங்களை டிராக்டருக்கு அடியில் கட்டி வைக்கும். சரிவில் மடிக்கவே வேண்டாம், கிளையை வெட்டிவிடுங்கள்.

இன்னொருவர், அடிவாரத்துக்கு வந்து கிளட்சையும் பிரேக்கையும் மிதித்த பிறகும் டிராக்டர் தன்னை முன்னே தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார். அவருடையது சிங்கிள் கிளட்ச் டிராக்டர். அந்த வகையில் பிடிஓ கியர்பாக்ஸ் வழியாகச் சுற்றுகிறது. கிளட்சை மிதித்தாலும் ஸ்லாஷரின் கனத்த பிளேடுகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சுழற்சி பிடிஓ வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளுகிறது. நியூட்ரல் போட்டால் தள்ளாது, ஆனால் சரிவில் அதைச் செய்தால் என் கதைதான். பிடிஓ முனையில் ஓவர் ரன்னிங் கப்ளர் ஒன்றை மாட்டினால் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி பிளேடு மட்டும் சுற்றும், டிராக்டரைத் தள்ளாது. மாட்டியபின் இணைப்புத் தண்டின் மொத்த நீளம் கூடிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஸ்லாஷரை மேலும் கீழும் முழுசாகத் தூக்கி இறக்கிப் பார்த்து, தண்டின் உள்குழாய் எங்கும் அடிமுட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே வேலைக்கு எடுங்கள். முட்டினால் தண்டை அளவாக வெட்டித்தான் ஆக வேண்டும்.