சனசமூக நிலையத்தில் பின்னேரம்: பந்தடிக்க வரும் பிள்ளைகளும் பழைய கொப்பிகளும்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களில் பல வாசிகசாலையாகத் தொடங்கியவை. பத்திரிகை மேசை, இரண்டு வாங்கு, சுவரில் ஸ்தாபகர் படம், முன்னால் ஒரு வெறுங்காணி. கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் வருவதில்லை என்பதே பல நிர்வாகங்களின் முறைப்பாடு. அதற்காக வெளிநாட்டில் இருப்பவர்களிடம் புது மண்டபத்துக்குக் காசு சேர்க்கப் புறப்பட வேண்டாம். முதலில் கரப்பந்தாட்டத் திடலை ஒழுங்காகப் போடுங்கள். பந்துக்கு வருகிறவர்களை வைத்தே வாசிகசாலையையும் நிலையத்தின் வரலாற்றையும் மீட்டுவிடலாம்.

திடல்

ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர 3 மீற்றர் வெறுமையாக விட வேண்டும். ஆகவே 24க்கு 15 மீற்றர், ஏறத்தாழ ஒன்றரைப் பரப்புக் காணி தேவை. நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் பின்னேரத்தில் ஒரு பக்கத்தார் வெயிலைப் பார்த்தபடியே பந்தெடுக்க வேண்டிவரும்.

மூலைகளைக் கண்மட்டத்தில் வைக்கக் கூடாது. மூலையிலிருந்து ஒரு கோட்டில் 3 மீற்றரும் மற்றதில் 4 மீற்றரும் குறித்தால், அந்த இரண்டு குறிக்கும் இடையே சரியாக 5 மீற்றர் வர வேண்டும். நாலு முளையும் அடித்தபின் எதிர்மூலைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 20.12 மீற்றர். ஒன்று கூடி மற்றது குறைந்தால் களம் சரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். கோட்டின் அகலம் 5 செ.மீ., பக்கக் கோடும் கடைக்கோடும் அந்த 18க்கு 9 அளவுக்குள்ளேயே அடங்கும். சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்கு நிற்காது, கண்ணில் பட்டால் எரிக்கும். நைலோன் நாடா பிடிக்கலாம். ஆனால் ஆணித் தலைகள் மண்ணுக்குள் இரண்டு விரற்கடையாவது புதைய வேண்டும். வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் பெருவிரலைக் கிழிப்பது பெரும்பாலும் இந்த ஆணிதான்.

கம்பங்கள் பக்கக் கோட்டிலிருந்து அரை மீற்றர் முதல் 1 மீற்றர் வரை வெளியே, நிலத்துக்கு மேல் 2.55 மீற்றர். வலிகாமத்தின் பல இடங்களில் ஒரு முழம் தோண்டும் முன்பே சுண்ணாம்புக்கல் தட்டும். அதோடு நிறுத்திக் கொங்கிறீற் போட்டால், வலையை இறுக்க இறுக்கக் கம்பம் உள்ளே சாயும், வலை தொய்யும். கல்லை உடைத்து முக்கால் மீற்றராவது இறக்குங்கள். இழுகம்பி கட்டிச் சமாளிப்பது விதிக்கும் புறம்பு, இருட்டில் கால் தடக்கும். வலையின் மேல்விளிம்பில் நைலோன் கயிற்றைவிட உருக்குக் கம்பி நல்லது.

வலையின் நடு உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர். பக்கக் கோடுகளுக்கு மேலே இரு முனையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. சிறுவர்களுக்குத் தயங்காமல் இறக்குங்கள்.

பந்தின் நிறை 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. காற்றழுத்தம் 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ. உதைபந்துக்கு அடிக்கும் அளவு காற்றை இதற்கும் அடித்துவிடுவது வழமையான பிழை. புதிதாக வந்த பிள்ளையின் முன்கை சிவந்து வீங்கும், மறுநாள் அது வராது.

யாருக்கு எந்நேரம்

பக்கத்துக்கு 6 பேர். 25 பேர் வந்தால் பாதிப்பேர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்; நிற்பவர்கள் எப்போதும் சின்னவர்களும் பெண்பிள்ளைகளும்தான். 15 புள்ளிக்கு ஆட்டத்தை முடியுங்கள். வென்ற அணியும் இரண்டு ஆட்டத்துக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அரைக்களத்தில் மூவர் மூவராக விட்டால் ஒவ்வொருவருக்கும் பந்து கிடைக்கும். பெண்பிள்ளைகளுக்கு 4 முதல் 5 மணி வரை தனி நேரம் ஒதுக்கி, எந்தச் சுற்றுப்போட்டி வந்தாலும் அதைப் பறிக்காதீர்கள். இருட்டும் முன் வீடு போகலாம் என்றால்தான் தாய்மார் அனுப்புவார்கள்.

கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், இதுபோன்ற ஒரு பொழுதுபோக்கு நிலையத்தில், வயது கூடியவர்களும் ஆடட்டும் என்று உருவாக்கப்பட்ட விளையாட்டு. ஆகவே ஐம்பது வயது அண்ணர் வந்து நின்றால் அவரையும் சேருங்கள்.

மாரிக்குக் கரம் (கரம்போட்) விளையாட்டுப் போதும். பலகையின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். மின்குமிழ் பலகைக்கு நேர்மேலே தொங்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் கையின் நிழல் காய்மேல் விழும்.

நிலையத்தின் வரலாறு

இதை மலர்க்குழு என்று பெரியவர்கள் மட்டும் கூடிச் செய்வதைவிட, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களிடம் கொடுப்பது நல்லது. அவர்களுக்கு மூன்று மாதம் கையில் இருக்கிறது.

முதலில் மூன்று திகதிகளைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: ஊர்க்கூட்டம் கூடித் தொடங்கிய நாள், உள்ளூராட்சி சபையில் பதிந்த நாள், கட்டடம் திறந்த நாள். ஆண்டுவிழாச் சண்டைகள் பல இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. அத்திவாரக் கல்லில் இருப்பது அடிக்கல் நட்ட நாள். திறந்தது பல வருடம் பிந்தியிருக்கலாம்.

அடுத்தது கடதாசிகள். கூட்ட அறிக்கைக் கொப்பி, வரவு செலவு, வங்கிப் புத்தகம், காணி உறுதி. 1995 இடப்பெயர்வில் வலிகாமத்து நிலையங்கள் பல இவற்றை இழந்தன. முன்னாள் செயலாளர்களின் வீட்டு றங்குப்பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். உறுதி இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். காணியை வாய்ச்சொல்லில் தந்திருந்தால், தந்தவரின் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குவது வரலாற்றைவிட அவசரம். நனைந்த கொப்பியை வெயிலில் காயவைத்தால் தாள் முறுகும். நிழலில் விரித்து விடுங்கள்.

மூத்தவர்களிடம் இருவர் இருவராகப் போக வேண்டும்: ஒருவர் கேட்க, மற்றவர் பதிவு செய்ய. முக்கால் மணித்தியாலம் போதும். “எந்த ஆண்டு?” என்று கேட்டால் பதில் பிழைக்கும். “64 புயலுக்கு முன்னமோ பின்னமோ?”, “வெங்காயம் மிளகாய் நல்ல விலை போன காலமோ?”, “யாழ் நூலகம் எரிந்தபோது நீங்கள் தலைவரோ?” என்று கேளுங்கள், அது 1964, 1970கள், 1981 என்று தானாக நின்றுவிடும். ஒருவர் சொன்னதை இன்னொருவரும் சொன்னால் எழுதலாம். இல்லையேல் சொன்னவர் பெயரோடு போடுங்கள். போர்க்காலம் பற்றிப் பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது.

படங்களைத் தொலைபேசியில் எடுப்பதானால் விறாந்தை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்காமல் அப்படியே எடுக்கவும். பெயர்களை இடமிருந்து வலமாக அன்றைக்கே எழுதாவிட்டால் அடுத்த மாதம் யாருக்கும் தெரியாது.

பழைய ஆண்டு மலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தில் கிடைக்கக்கூடும், முதலில் அங்கே தேடுங்கள். உங்கள் கையில் உள்ளவற்றையும் அவர்களிடம் மின்வருடக் கொடுக்கலாம். கோப்புகளின் ஒரு பிரதி நிலையத்தில், இன்னொன்று ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம்.